நினைப்பு காலில் இருக்கட்டும்: மயிலை, தி.நகர், அடையாறில் நடப்பவர்களுக்குச் சில குறிப்புகள்

மந்தைவெளியிலிருந்து லஸ் நாகேஸ்வரராவ் பூங்கா வரை தினமும் காலையில் நடந்து போய் வருகிறேன். எட்டு வருடமாகிறது. முதல் நான்கைந்து வருடங்களில் எந்த மரம் எப்போது பூத்தது, எந்த வாசலில் என்ன கோலம் இருந்தது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. காதில் பாட்டு ஓடும், இல்லையென்றால் தங்கையோடு பேச்சு ஓடும். இரண்டும் இல்லாத நாளில் மனசுக்குள் மாதச் செலவுக் கணக்கு ஓடும். ஒரு நாள் பெயர்ந்து நின்ற நடைபாதைக் கல்லில் இடறி விழுந்தேன். கணுக்கால் பிசகி மூன்று வாரம் வீட்டோடு கிடந்தேன். மறுபடி நடக்க ஆரம்பித்தபோது பயத்தில் ஒவ்வொரு அடியையும் பார்த்துப் பார்த்து வைத்தேன். அந்த இருபது நிமிடமும் மனசு வேறெங்கும் போகவில்லை. வீடு திரும்பியபோது கால் வலித்தது, தலை லேசாக இருந்தது.

இதைத்தான் இன்று 'மைண்ட்ஃபுல்னஸ்' என்கிறார்கள். அமெரிக்காவில் ஜான் கபட்-ஸின் 1979-ல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில் நாள்பட்ட வலியோடு வந்தவர்களுக்கு இதை ஒரு பயிற்சியாகச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். அவர் எடுத்துக்கொண்டது பௌத்த பிட்சுக்களிடமிருந்து. பௌத்தத்தில் இப்படிக் கவனத்தோடு நடப்பதற்குச் சங்கிரமணம் என்று பெயர். புத்தகயையில் மகாபோதிக் கோயிலை ஒட்டி, ஞானம் பெற்ற பிறகு புத்தர் முன்னும் பின்னுமாக நடந்த இடம் என்று ஒரு நீண்ட மேடையை இன்றும் காட்டுகிறார்கள். நம் வீடுகளில் இதற்குத் தனிப் பெயர் கிடையாது. "நினைப்பை எங்கேயோ வச்சுக்கிட்டு நடக்காதே" என்று அம்மா சொல்வார். அந்த நினைப்பைத் தலையிலிருந்து காலுக்கு இறக்குவதற்கு எனக்கு உதவியவற்றை எழுதுகிறேன்.

1. வாசலைத் தாண்டுமுன் வாய்விட்டுச் சொல்லுங்கள். "கேஸ் அணைச்சாச்சு, மோட்டார் நிறுத்தியாச்சு, கதவு பூட்டியாச்சு." மனசுக்குள் சொன்னால் தெருமுனைக்குப் போனதும் சந்தேகம் வந்துவிடும். விரலால் சுட்டிக்காட்டி வாயால் சொல்ல வேண்டும். ஜப்பான் ரயில் ஓட்டுநர்கள் ஒவ்வொரு சிக்னலையும் இப்படிக் கைகாட்டி உரக்கச் சொல்லித்தான் கடக்கிறார்கள். கையும் கண்ணும் வாயும் சேர்ந்தால் கவனம் தவறுவது குறைகிறது என்பது அங்கே பல காலமாகக் கண்ட அனுபவம். வீட்டு நினைப்பை வீட்டிலேயே விட்டுவிட்டுக் கிளம்ப இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

2. செல்போனை வீட்டில் வைத்துவிட்டுப் போகச் சொல்லமாட்டேன். வயதானவர்களுக்கும் தனியாக நடக்கும் பெண்களுக்கும் அது கையில் இருப்பது நல்லது. சத்தத்தை நிறுத்தி, ஜிப் வைத்த சின்னப் பைக்குள் போட்டு இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள். எடுக்க நாலு நொடி ஆகும்படி இருந்தால் சும்மா எடுத்துப் பார்க்கிற பழக்கம் பாதி குறையும். காதில் மாட்டுவதை மட்டும் கட்டாயம் வீட்டில் வையுங்கள். நான் வைத்துவிட்டுப் போன முதல் வாரத்திலேயே மாடவீதியில் பூ விற்கிறவர் கேட்டார், "இன்னாக்கா, காதுல ஒயரு காணோம்? எத்தினி நாளு கூப்டிருப்பேன், திரும்பவே மாட்டீங்க." அத்தனை நாள் ஒருவர் என்னைக் கூப்பிட்டிருக்கிறார் என்பது அன்றுதான் தெரிந்தது.

3. செருப்பு முக்கியம். குதிகாலில் பட்டை உள்ளதாக, அடிப்பாகம் ரொம்பத் தடிக்காமல் இருக்கட்டும். மெத்தை மாதிரி தடித்த அடிப்பாகத்தில் தரை கல்லா மண்ணா என்பதே காலுக்குத் தெரியாது. தேய்ந்துபோன ரப்பர் செருப்பு மழைநாளில் வழுக்கிவிடும்.

4. முழு நடையையும் கவனத்தோடு நடக்க வேண்டும் என்று முதல் நாளே இறங்காதீர்கள். முதல் நூறு அடி போதும். வீட்டு வாசலிலிருந்து தெருமுனைப் பெட்டிக்கடை வரை என்று ஒரு எல்லை வைத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு மனசு எங்கே வேண்டுமானாலும் போகட்டும். இரண்டு வாரத்தில் எல்லை தானாகவே நகரும்.

5. என்னத்தைக் கவனிப்பது என்று கேட்பவர்களுக்கு: நம்மூரில் அடிப்பிரதட்சிணம் தெரியாதவர்கள் யார்? ஒரு காலின் கட்டைவிரலை ஒட்டி அடுத்த காலின் குதிகாலை வைத்து, அப்படியே கோயிலைச் சுற்றி வருகிறோம். நிறைமாத கர்ப்பிணி, விளிம்பு வரை எண்ணெய் நிரம்பிய குடத்தைச் சுமந்துகொண்டு நடக்கிற மாதிரி வலம்வர வேண்டும் என்று பெரியவர்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள். எவ்வளவு துல்லியமான வழிகாட்டல் என்று பாருங்கள். வேகம் எவ்வளவு, தோள் எப்படி, அடி எப்படி, மூச்சு எப்படி என்று தனித்தனியாகச் சொல்லத் தேவையில்லை. அந்தப் பெண்ணை ஒரு நிமிடம் மனதில் நிறுத்தினால் உடம்புக்கே புரிந்துவிடும்.

கபாலீஸ்வரர் கோயிலின் வெளிப்பிராகாரத்தில் காலை நேரத்தில் இதைச் செய்து பாருங்கள். கல்தரை வெயில் ஏறுமுன் குளிர்ச்சியாக இருக்கும். நிழல் விழுந்த கல்லுக்கும் வெயில் பட்ட கல்லுக்கும் உள்ள வித்தியாசம் பாதத்துக்கு உடனே தெரியும். அபிஷேகத் தண்ணீர் ஓடிய ஈரம், யாரோ சிந்திய விபூதி, புன்னை மரத்தடிச் சருகு எல்லாம் கண்ணைக் கீழே போடாமலே தெரியவரும். பதினொரு மணிக்கு மேல் போனால் கல் சுட்டு ஓட வேண்டியிருக்கும். தெருவில் இப்படிக் குதிகால் ஒட்டி நடக்க முடியாது, நடக்கவும் கூடாது. ஆனால் குதிகால் படுகிறது, பாதம் படிகிறது, விரல் தரையைத் தள்ளுகிறது என்ற மூன்றை மட்டும் வழக்கமான வேகத்திலேயே கவனிக்கலாம். தலைசுற்றல் உள்ளவர்கள் குதிகால் ஒட்டி நடக்கும்போது சுவரோரமாக, துணையோடு நடப்பது நல்லது.

6. மனசு ஓடும். எல்லோருக்கும் ஓடும். ஓடியதற்காக அதைத் திட்டினால் அது இன்னொரு ஓட்டம். ஓடுவதற்கு ஒரு பெயர் வைத்துவிட்டு அடிக்குத் திரும்புங்கள். எனக்கு நான்கு பெயர்கள் போதுமாக இருக்கின்றன: 'கணக்கு', 'சமையல்', 'சண்டை', 'பிள்ளைகள்'. நேற்று யாரோ சொன்ன வார்த்தைக்கு இன்று பதில் தேடிக்கொண்டிருந்தால் "சண்டை" என்று மனசுக்குள் சொல்வேன். அதோடு அது பாதி அடங்கும். ஒரே நடையில் முப்பது முறை பெயர் சொல்ல வேண்டியிருந்தாலும் பரவாயில்லை. முப்பது முறை திரும்பி வந்தீர்கள் என்று அர்த்தம்.

7. மூச்சைப் பிடித்து வைக்காதீர்கள், இழுத்து நீட்டாதீர்கள். உள்ளே போகும்போது எத்தனை அடி, வெளியே வரும்போது எத்தனை அடி என்று எண்ணினால் போதும். எனக்குச் சமதரையில் மூன்றும் நான்கும். பாலம் ஏறும்போது இரண்டும் இரண்டும். எண்ணிக்கை மாறும் இடத்தில் உடம்பு என்ன சொல்கிறது என்று கேளுங்கள். நெஞ்சில் இறுக்கமோ வலியோ தெரிந்தால் எண்ணுவதை நிறுத்தி உட்கார்ந்துவிட வேண்டும். உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

8. மயிலாப்பூரில் நடப்பவர்கள் மூக்கை நம்பி நடக்கலாம். நான்கு மாடவீதிகளையும் ஒரு சுற்று, மூக்கை மட்டும் கவனித்து நடந்து பாருங்கள். கிழக்கே சந்நிதி வாசலில் கதம்பம், மரிக்கொழுந்து, தவனம். அதில் தவனத்தின் வாசனை தண்ணீர் தெளித்தவுடன் ஒரு தடவை தூக்கும், பிறகு அடங்கும். தெற்கு மாடவீதியில் காய்கறி: கொத்தமல்லிக் கட்டைப் பிரித்த வாசனை, வாழைத்தார் அறுத்த பால் வாசனை, மண் ஒட்டிய சேனைக்கிழங்கு. மேற்கே போனால் தெப்பக்குளத்தின் பாசி. வடக்கு மாடவீதியில் நவராத்திரி சமயத்தில் போனால் பொம்மைகளின் புது வண்ணமும் வைக்கோலும். கச்சேரி சாலைப் பக்கம் திரும்பி டப்பா செட்டி கடையைத் தாண்டினால் சுக்கு, வசம்பு, அதிமதுரம் எல்லாம் கலந்து ஒரு வீச்சு. எங்கேயோ காப்பிக்கொட்டை வறுபடும்.

நல்ல வாசனையை மட்டும் பொறுக்காதீர்கள். சாக்கடை நாற்றமும் வரும். வந்தால் அது வந்தது என்று தெரிந்துகொண்டு அடுத்த அடியை வையுங்கள். முகம் சுளித்து, மாநகராட்சியைத் திட்டி, வரி கட்டிய ரசீதை நினைத்து, அங்கிருந்து அடுத்த தேர்தல் வரை போய் வந்தால் அதற்குள் மல்லிகைக் கடையைத் தாண்டியிருப்போம். புகார் கொடுக்க வேண்டியதை வீட்டுக்கு வந்து கொடுங்கள். அதையும் கட்டாயம் கொடுங்கள்.

9. கோலத்தை மிதிக்காமல் நடக்கக் கற்றுக்கொள்வதே ஒரு பயிற்சி. மார்கழியில் மாடவீதிகளைச் சுற்றியுள்ள சந்துகளில் நடந்தால் இருபதடிக்கு ஒரு தரம் கால் தானாக விலகும்.

10. மார்கழியில் விடியுமுன் மாடவீதி பஜனையோடு ஒரு நாளாவது நடந்து பாருங்கள். பாபநாசம் சிவன் தன் வாழ்நாளில் பல மார்கழிகள் இந்தத் தெருக்களில் பாடிக்கொண்டே வலம் வந்தவர். அந்த வழக்கத்தை அவருக்குப் பின் வந்தவர்கள் விடாமல் காக்கிறார்கள். பாடிக்கொண்டு நடக்கும்போது வேகமாகப் போக முடியாது. தாளத்துக்கு அடி வைக்க வேண்டும், பாட மூச்சு மிஞ்ச வேண்டும், பக்கத்தில் வருபவரின் குரலைக் கேட்க வேண்டும். இத்தனைக்கும் நடுவில் கவலைப்பட இடம் கிடைப்பதில்லை. பாடத் தெரியாதவர்கள் பின்வரிசையில் தாளம் மட்டும் தட்டிக்கொண்டு வரலாம், நான் அப்படித்தான்.

11. பூங்காவில் நடப்பவர்கள் எட்டு வடிவப் பாதை இருந்தால் அதில் பத்து நிமிடம் நடங்கள். நகரின் பல பூங்காக்களில் இப்போது போட்டிருக்கிறார்கள். வட்டப்பாதையில் கால் தானாகச் சுற்றும், மனசு தன் போக்கில் போகும். எட்டில் அது நடக்காது. வலப்பக்கம் வளைந்த உடம்பு நடுவில் இடப்பக்கம் திரும்ப வேண்டும், அந்த இடத்தில் நினைப்பு வந்தே ஆக வேண்டும்.

எங்கள் நாகேஸ்வரராவ் பூங்காவில் இன்னொரு வசதி உண்டு. மாதத்தின் முதல் ஞாயிறு காலையில் ஒலிபெருக்கி இல்லாமல் இளம் கலைஞர்கள் கச்சேரி செய்வார்கள். மைக் இல்லாத குரல் மரங்களுக்கு நடுவில் எவ்வளவு தூரம் எட்டுகிறது என்று பாதையில் நடந்துகொண்டே கேளுங்கள். ஒரு திருப்பத்தில் வயலின் கேட்கும், மிருதங்கம் கேட்காது. அடுத்த திருப்பத்தில் இரண்டும் போய்க் குயில் மட்டும் இருக்கும். அமிர்தாஞ்சனம் தந்த காசிநாதுனி நாகேஸ்வரராவ் பெயரில் அமைந்த இந்தப் பூங்காவில் முழங்கால் வலியோடு வருகிற என் வயதுக்காரர்கள் நிறையப் பேர். வேகமாக நடப்பவர்களுக்கு வழிவிட்டு உள்ளோரமாக நடந்தால் இருவருக்கும் நிம்மதி.

12. பத்தாயிரம் அடி கணக்கு உங்களை விரட்டுகிறதா? 1965-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடி எண்ணும் கருவியின் பெயரே 'பத்தாயிரம் அடி அளவி' என்ற பொருள் தருவது. எண் பிரபலமானது அப்படித்தான். உலக சுகாதார நிறுவனம் சொல்வது வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பு. ஐந்து நாள், அரை அரை மணி. தமிழக அரசு 2023 நவம்பரில் தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தில் பெசன்ட் நகரில் 8 கிலோமீட்டர் பாதை குறித்திருக்கிறார்கள். முழுத் தூரமும் நடக்க முடிந்தவர்கள் நடக்கட்டும். முடியாதவர்கள் அதில் ஒரு கிலோமீட்டரைக் கவனத்தோடு நடந்தாலும் நடைதான். அரை மணி அடியை எண்ணும் கருவியைப் பார்த்துப் பார்த்து நடந்தால், நினைப்பு மணிக்கட்டிலேயே இருந்துவிடும்.

13. நடைபாதை இல்லாத தெருவில் எதிரே வரும் வண்டி தெரியும்படி வலப்பக்கம் நடங்கள். பின்னால் வரும் வண்டியைப் பார்க்க முடியாது, எதிரே வருவதைப் பார்க்கலாம். நடைபாதை இருக்கும் இடத்தில்கூட மின்பெட்டி, நிறுத்திய ஸ்கூட்டர், மூடி சரியில்லாத கால்வாய், வெட்டிய மரத்தின் அடிக்கட்டை என்று ஏதாவது வரும். கவனத்தோடு நடப்பது என்றால் கண்ணைப் பாதி மூடித் தவத்தில் நடப்பது என்று சிலர் நினைக்கிறார்கள். சென்னைத் தெருவில் அது ஆபத்து. பத்தடி முன்னால் கண், பாதத்தில் உணர்வு, பின்னால் காது. சாலையைக் கடக்கும் நேரத்தில் மூச்சு, அடி, எண்ணிக்கை எல்லாவற்றையும் விட்டுவிட்டு வண்டியை மட்டும் பாருங்கள். அந்த நேரத்துக்கு அதுவே முழுக் கவனம்.

14. தெருநாய் உறுமினால் ஓடாதீர்கள். நின்று, கையை உடம்போடு ஒட்டி வைத்து, அதன் கண்ணை உற்றுப் பார்க்காமல், மெதுவாகப் பக்கவாட்டில் விலகுங்கள். படபடக்கும் நெஞ்சு அடங்க எத்தனை அடி ஆகிறது என்று பிறகு எண்ணிப் பாருங்கள்.

15. இப்போது தி.நகர். ரங்கநாதன் தெருவில் கவனத்தோடு நடப்பதா என்று கேட்பவர்களுக்கு ஒரு பழைய கதை. பாலி மொழியில் இருக்கும் பௌத்த உரைகளில் வருவது. நாட்டிலேயே மிக அழகான பெண் ஆடிப் பாடப் போகிறாள் என்று கேட்டுக் கூட்டம் திரண்டுவிட்டது. அந்தக் கூட்டத்துக்கும் அவளுக்கும் நடுவே ஒருவன், விளிம்பு வரை எண்ணெய் நிரம்பிய கிண்ணத்தை ஏந்திக்கொண்டு நடக்க வேண்டும். பின்னாலேயே வாளை ஓங்கிக்கொண்டு இன்னொருவன் வருகிறான். ஒரு சொட்டு சிந்தினாலும் தலை போய்விடும். அந்த மனிதனின் கவனம் எங்கே இருக்கும் என்று புத்தர் தன் சீடர்களைக் கேட்கிறார். உடம்பின் மேல் வைக்கும் கவனமே அந்தக் கிண்ணம் என்கிறார்.

மயிலைக் கர்ப்பிணியின் தலையில் எண்ணெய்க் குடம், இந்த மனிதன் கையில் எண்ணெய்க் கிண்ணம். இரண்டு மரபும் எண்ணெயைப் பிடித்துக்கொண்டது எனக்கு வியப்பாக இருக்கிறது. தண்ணீர் சிந்தினால் காய்ந்துவிடும். எண்ணெய் சிந்தினால் கறை போகாது, காலும் வழுக்கும். அடுக்களையில் புழங்குகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. புத்தரின் கதை கூட்டத்துக்கு நடுவில் நடப்பது. அதனால் தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை உஸ்மான் சாலையில் மாட்டிக்கொண்டால் நான் அந்தக் கிண்ணத்தை நினைத்துக்கொள்வேன். கைப்பையை மார்போடு அணைத்து, இரண்டு கையாலும் பிடித்து, அதில் எண்ணெய் இருக்கிற மாதிரி. பை திருடு போகாமல் இருக்கவும் இது உதவும். இடிக்கிறவர்கள் மேல் கோபம் வருமுன் கால் அடுத்த இடத்தைத் தேடிவிடுகிறது.

16. பழக வேண்டுமென்றால் முதலில் பாண்டி பஜாருக்குப் போங்கள். 2019 நவம்பரில் தியாகராய சாலையின் நடைபாதைகளை அகலப்படுத்தித் திறந்த பிறகு, இந்த ஊரில் நாலு பேர் தோளோடு தோள் சேர்ந்து நடக்கக்கூடிய சில இடங்களில் அதுவும் ஒன்று. அடுத்து மாம்பலம் ரயில் நிலையத்தையும் தி.நகர் பேருந்து நிலையத்தையும் இணைக்கும் ஆகாய நடைமேம்பாலம். 2023 மே மாதம் திறந்தது, 570 மீட்டர் நீளம். வண்டிக்குப் பயப்படாமல் அவ்வளவு தூரம் தொடர்ந்து நடக்கலாம். மேலிருந்து பார்த்தால் கீழே தலைகளாகவே இருக்கும். அத்தனையும் 1920-களுக்கு முன் மாம்பலம் ஏரித் தண்ணீர் நின்ற இடம். அந்த ஏரியைத் தூர்த்துத்தான் தியாகராய நகரை எழுப்பினார்கள். பெருமழையில் அங்கே தண்ணீர் தேடி வருவது தன் பழைய வீட்டுக்குத்தான்.

17. கடைக்கு நடந்து போகிறீர்களா? ஒரு மஞ்சப்பை, ஒரு சாமான். அவ்வளவுதான். பட்டியல் நீண்டால் மனசு பட்டியலிலேயே இருக்கும். பாரத்தை ஒரே கையில் தூக்காமல் நூறு அடிக்கொரு தரம் கை மாற்றுங்கள். மாற்றும்போது இறக்கிய தோளில் என்ன நடக்கிறது என்று பாருங்கள்.

18. அடையாறு. கவனம் என்ற ஒரு சொல்லையே வாழ்நாளெல்லாம் பேசியவர் நடந்த ஊர் இது. ஜே. கிருஷ்ணமூர்த்தியைப் பதினான்கு வயதுப் பையனாக 1909-ல் பிரம்மஞான சபையைச் சேர்ந்த லெட்பீட்டர் கண்டது அடையாற்றுக் கடற்கரையில்தான். சபை அவரை உலக குருவாக வளர்த்தது. தனக்காகச் சபையினர் அமைத்த நட்சத்திர சங்கத்தை 1929-ல் அவரே கலைத்துவிட்டார். பிறகு சென்னைக்கு வரும்போது பெரும்பாலும் கிரீன்வேஸ் சாலை வசந்த விஹாரில் தங்கினார், மாலையில் அதே கடற்கரையில் நடந்தார். 1986 ஜனவரியில் வசந்த விஹாரில் கடைசிப் பேச்சுகளைப் பேசினார். கிளம்புமுன் அந்த மணலில் ஒரு முறை நடந்துவிட்டு அமெரிக்கா போனார், அடுத்த மாதம் 17-ஆம் தேதி ஓஹாயில் மறைந்தார்.

அவர் எந்த முறையையும் கற்றுத்தரவில்லை. மூச்சை எண்ணு, அடியைப் பார் என்று சொல்லிக்கொடுப்பதையே ஏற்கமாட்டார். முறை பழக்கமாகும், பழக்கம் மனதை மந்தமாக்கும் என்பது அவர் கட்சி. பத்து வருடத்துக்கு முன் எனக்கு இது புரிந்திருக்காது. இப்போது இப்படி எடுத்துக்கொள்கிறேன்: எண்ணுவது தொடங்குபவருக்குக் கைத்தடி. வாரத்தில் ஒரு நாள் அதையும் வீட்டில் வையுங்கள். அன்று எதையும் எண்ணாமல், எதையும் தேர்ந்தெடுக்காமல், கண்ணில் பட்டதைப் பார்த்துக்கொண்டு, காதில் விழுந்ததைக் கேட்டுக்கொண்டு நடங்கள். எனக்கு அது வெள்ளிக்கிழமை. பெரும்பாலும் சில நிமிடங்கள்தான் நிற்கிறது. அந்தச் சில நிமிடங்களுக்காகவே வெள்ளிக்கிழமையை எதிர்பார்க்கிறேன்.

19. பிரம்மஞான சபைத் தோட்டத்துக்குப் போக விரும்புபவர்கள் பார்வையாளர் நேரத்தை விசாரித்துவிட்டுப் போங்கள். அங்கே பெரிய ஆலமரத்தைச் சுற்றி மெதுவாக ஒரு வலம். தாய்மரம் 1989-ல் புயல் காற்றில் சாய்ந்துவிட்டது, விழுதுகள்தான் இன்று மரமாக நிற்கின்றன.

20. தினமும் நடக்கும் வழியில் ஒரே ஒரு மரத்தைத் தத்து எடுத்துக்கொள்ளுங்கள். வருடம் முழுக்க அதையே பாருங்கள். என் மரம் ஒரு புங்கை. இலையுதிர்ந்து ஒரு வாரம் வெறுமையாக நிற்கும், பிறகு மெழுகு பூசிய மாதிரி துளிர், அப்புறம் ஒரு காலையில் தரையெல்லாம் பொரி இறைத்தது போல வெளிர் ஊதாப் பூ. பெயர் தெரியாத மரமென்றால் 'நிழல்' அமைப்பினர் நடத்தும் மர நடைகளில் ஒரு தடவை கலந்துகொள்ளுங்கள். கோட்டூர்புரத்தில் மரப் பூங்காவை வளர்த்தவர்கள் அவர்கள். பெயர் தெரிந்த மரத்தைத் தாண்டிப் போவதும், பெயர் தெரியாத மரத்தைத் தாண்டிப் போவதும் ஒன்றாக இருப்பதில்லை.

21. பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரையில் ஈரமணலில் வெறுங்காலோடு நடப்பது நல்ல பயிற்சி. உலர்ந்த மணல் காலை இழுக்கும், ஈரமணல் தாங்கும், அலை பின்வாங்கும்போது குதிகாலுக்கு அடியில் மணல் கரைந்து போவது தெரியும். ஆனால் சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்கள் எங்கேயும் வெறுங்காலோடு நடக்கக் கூடாது. கண்ணாடித் துண்டு குத்தியதே தெரியாது. இதைக் கோயில் பிராகாரத்துக்கும் சேர்த்தே சொல்கிறேன், சாக்ஸ் போட்டுக்கொள்வதில் தவறில்லை. திரும்பிவந்து இரண்டு பாதத்தின் அடியையும் கண்ணாடி வைத்துப் பாருங்கள், வீட்டில் உள்ளவர்களைப் பார்க்கச் சொல்லுங்கள்.

22. வருடத்தில் ஒரு இரவு ஆமை நடைக்குப் போய் வாருங்கள். இந்தக் குறிப்புகளில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள் என்பேன். கடலாமைகளைக் காக்கும் மாணவர் அமைப்பு ஒன்று (எஸ்.எஸ்.டி.சி.என்.) 1988 முதல் ஜனவரியிலிருந்து கோடை தொடங்கும் வரை நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை இரவெல்லாம் கரையோரம் நடக்கிறது. வாரக்கடைசியில் பொதுமக்களும் சேர்ந்துகொள்ளலாம். பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறும் காலம் அது. ஒரு குழியில் நூறு முட்டைக்கு மேல் இருக்கும். அவற்றை எடுத்துப் பொரிப்பகத்தில் புதைத்து, ஒன்றரை மாதம் கழித்துக் குஞ்சுகளைக் கடலில் விடுவார்கள்.

டார்ச் அடிக்கக் கூடாது, வெளிச்சம் ஆமையைக் குழப்பும். அதனால் இருட்டில், பெரும்பாலும் பேசாமல், ஏழு கிலோமீட்டர் போல மணலில் நடக்க வேண்டும். முதல் அரை மணிக்கு ஒன்றும் தெரியாது. பிறகு கண் பழகும். ஈரமணலின் மினுக்கம், படகின் நிழல், நண்டின் ஓட்டம் தெரியும். எல்லோரும் தேடுவது கடலிலிருந்து மேலேறி வரும் ஒரே ஒரு தடம். அதைத் தவறவிட்டால் விடிந்ததும் நாயோ காகமோ குழியைக் கண்டுபிடித்துவிடும். நான் போன இரவில் விடியும்வரை ஆமை வரவில்லை. ஆனாலும் அத்தனை மணி நேரம் மனசு ஒரு தடவைகூடக் கணக்குப் போடப் போகவில்லை. வேறொரு உயிருக்காகக் கண்ணைத் திறந்து வைத்திருந்தால் நம் நினைப்பு தானாகவே அடங்குகிறது.

23. ஐப்பசி, கார்த்திகை மழையில் தெருவில் தண்ணீர் நின்றால் நடக்க வேண்டாம். திறந்த கால்வாயும் அறுந்த மின்கம்பியும் கண்ணுக்குத் தெரியாது. அன்று வீட்டு மொட்டைமாடியிலோ, கூடத்திலோ நீளவாக்கில் இருபது அடி போய், நின்று, திரும்பி, இருபது அடி வாருங்கள். பிட்சுக்கள் நடப்பதும் இப்படித்தான். திரும்பும் இடத்தில் ஒரு மூச்சு நிற்பதை மறக்காதீர்கள்.

24. துணையோடு நடப்பவர்கள் போகும்போது பேசுங்கள், வரும்போது பேசாமல் வாருங்கள். இதை என் கணவரிடம் சொல்லிப் பழக்க ஒரு மாதம் ஆனது. இப்போது மந்தைவெளித் திருப்பத்தில் அவரே பேச்சை நிறுத்திவிடுகிறார். மாமியார், மாமனாரோடு நடந்தால் அவர்கள் வேகத்துக்கு உங்கள் அடியைக் குறையுங்கள். எண்பது வயதுக்காரர் பக்கத்தில் நடப்பதைப் போல நடையைக் கற்றுத்தருவது வேறொன்றில்லை.

25. வீடு திரும்பியதும் காலைக் கழுவி, விரலிடுக்கில் ஈரம் போகத் துடையுங்கள். பிறகு தினசரி காலண்டரில் முந்தின நாள் தாளைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் இன்றைய நடையில் பார்த்த ஒரே ஒரு விஷயத்தை எழுதுங்கள். ஒரு வரி போதும். தாள்களை ஒரு கிளிப்பில் கோத்து சமையலறையில் மாட்டிவையுங்கள். எங்கள் வீட்டுக் கிளிப்பில் மேலே இருக்கும் நான்கு தாள்கள்: 'மரமல்லி கொட்டியிருந்தது. யாரும் பெருக்கவில்லை.' 'பூக்கார அம்மாவின் பேத்தி இன்று ஸ்கூல் யூனிஃபார்மில்.' 'வலது செருப்பு மட்டும் சத்தம் போடுகிறது.' 'குயில், ஐந்து ஐம்பதுக்கு.'